எஃப்.சி. முடிந்த வண்டி மோதிவிட்டது: இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தமிழ்நாட்டு வாகனங்களை மனத்தில் வைத்து எழுதியது. சட்டம் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான்.

என்னுடையது வெள்ளை போர்டு கார். வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற ஃபிட்னஸ் சான்று) என்று ஒன்று எடுத்ததே இல்லை. கிளெய்ம் போய்விடுமா?

போகாது. சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 வருடம் தனியாக எஃப்.சி. கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 41-ஆம் பிரிவுப்படி ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 வருடத்துக்குச் செல்லும். ஆர்.சி.யிலும் அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்' தளத்திலும் 'ஃபிட்னஸ் அப்டூ' என்ற கட்டத்தில் தெரிவதும் பெரும்பாலும் அதே தேதிதான். அதைப் பார்க்காமல், "எஃப்.சி. காப்பி கொடுங்கள்" என்று கால் சென்டரில் கேட்டதும் பதறிப்போய் கிளெய்மையே கைவிட்டவர்கள் உண்டு. ஆர்.சி. நகலைக் கொடுத்து, "தனியார் வாகனம், பதிவு இன்ன தேதி வரை செல்லும்" என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதினால் போதும்.

அப்படியானால் யாருக்குத்தான் இது சிக்கல்?

இரண்டு வகையினருக்கு. முதலாவது, மஞ்சள் போர்டு வண்டிகள்: டாக்ஸி, ஆட்டோ, வேன், லோடு வண்டி. புது வண்டிக்கு முதல் எஃப்.சி. 2 வருடம். அதன்பின் வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, 8 தாண்டினால் வருடாவருடம். வண்டி 8 வயதைக் கடக்கும்போதுதான் பலர் மாட்டுகிறார்கள். போன தடவை இரண்டு வருடம் கிடைத்ததே என்ற நினைப்பிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, 15 வருடம் முடிந்தும் பதிவைப் புதுப்பிக்காத சொந்தக் கார்கள். புதுப்பிக்கப் படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். தேதி முடிய 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் (நம் ஊர் வழக்கில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்') வண்டியைப் பார்த்துச் சரி என்றால் இன்னும் 5 வருடம். 2022 ஏப்ரல் முதல் காருக்கு இந்தக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி.

எஃப்.சி. இல்லாதபோதுதான் பாலிசியைப் புதுப்பித்தேன். பிரீமியம் வாங்கிக்கொண்டார்களே, இப்போது எப்படி மறுக்கலாம்?

மறுக்கலாம். பாலிசி போடும்போது எஃப்.சி. தேதியைப் பார்ப்பது வழக்கமில்லை. எஃப்.சி. எடுக்க இன்சூரன்ஸ் வேண்டும், இன்சூரன்ஸ் எடுக்க எஃப்.சி. வேண்டியதில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் ஆயிரக்கணக்கில் ரூபாய் கட்டி, பாதிப் பயன்கூட இல்லாத பாலிசி கையில் வருகிறது. பிரீமியம் வாங்கியதாலேயே நிபந்தனையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

என் வண்டி இடித்து எதிரே பைக்கில் வந்தவருக்கு அடி. அவருக்கு யார் பணம் தருவார்கள்?

பெரும்பாலும் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி தரும், பிறகு உங்களிடம் வசூலிக்கும். இதை வக்கீல்கள் 'பே அண்ட் ரெக்கவரி' என்பார்கள்.

பாதிக்கப்பட்டவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166-ஆம் பிரிவின்கீழ் மனுப் போடுவார். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கம்பெனி எந்தெந்தக் காரணம் சொல்லித் தப்பிக்கலாம் என்பது 150-ஆம் பிரிவில் பட்டியலாக உள்ளது: உரிமம் இல்லாத ஓட்டுநர், குடிபோதை, பெர்மிட்டுக்கு மாறான பயன்பாடு, பந்தயம் போன்றவை. எஃப்.சி. என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. கம்பெனி வக்கீல் சுற்றி வருவார். 56-ஆம் பிரிவைக் காட்டி, எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவானதாகவே கருதப்படாது என்பார். பதிவில்லாத வண்டியை ரோட்டில் இறக்கியது அடிப்படை மீறல் என்று முடிப்பார்.

2018-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த வாதத்தை ஏற்றது. கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்றது. அதே ஆண்டு அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெர்மிட் இல்லாத வண்டிக்கு இதே வழியைச் சொன்னது. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களிலும் இந்த வகை உத்தரவை எதிர்பார்த்தே இருங்கள்.

வசூலிப்பு என்றால் தனியாக வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். 2004-இல் நஞ்சப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தேவையை நீக்கிவிட்டது. கம்பெனி அதே வழக்கின் தொடர்ச்சியாக நிறைவேற்று மனுப் போட்டு, வண்டியையும் மற்ற சொத்தையும் ஜப்தி செய்யக் கேட்கலாம். எனவே தீர்ப்பாயத்தின் சம்மன் வந்தால், "இன்சூரன்ஸ் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று வீட்டில் உட்காரக் கூடாது. உரிமையாளர் ஆஜராகாத வழக்கில் கம்பெனி சொல்வதை மறுக்க ஆளே இருக்காது.

என் சொந்த வண்டியின் சேதத்துக்கு?

கஷ்டம் முழுவதும் இங்கேதான். மூன்றாம் நபரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. உங்கள் பம்பரைக் காக்க உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம் மட்டுமே இருக்கிறது. முதலில் பாலிசியைப் பாருங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் சொந்தச் சேதத்துக்கு எதுவும் வராது, எஃப்.சி. இருந்தாலும் வராது.

முழுப் பாலிசி என்றால், கம்பெனி பக்கம் இருக்கும் பெரிய ஆயுதம் 2014-இன் நரிந்தர் சிங் தீர்ப்பு. தற்காலிகப் பதிவு முடிந்து மூன்று வாரம் ஆன வண்டி விபத்தில் சிக்கியது. பதிவில்லாமல் பொதுச் சாலையில் ஓட்டியது அடிப்படை மீறல் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் கிளெய்மை மறுத்தது. 2021-இல் சுஷில் குமார் கோதாரா வழக்கிலும் அதே முடிவு, இத்தனைக்கும் அது மோதல்கூட அல்ல, திருட்டு. 15 வருடம் தாண்டிப் பதிவு காலாவதியான சொந்தக் காருக்கு இந்த இரண்டு தீர்ப்பும் நேராகவே பொருந்தும். அந்த நிலையில் முழுத் தொகை வரும் என்று நம்பிக் கடன் வாங்கிப் பழுது பார்க்காதீர்கள்.

எஃப்.சி. மட்டும் காலாவதியான டாக்ஸிக்கு இன்னும் இடம் இருக்கிறது. பதிவு எண் நிரந்தரமானது, வண்டி ஒருநாளும் பதிவில்லாமல் இருந்ததில்லை என்பதே உங்கள் பக்கத்தின் முதல் வரி. அடுத்தது, மீறலுக்கும் மோதலுக்கும் தொடர்பே இல்லை என்பது. 1996-இன் பி.வி.நாகராஜு வழக்கில், சரக்கு வண்டியில் கூடுதல் ஆள் ஏற்றியது விபத்துக்குக் காரணமாகாதபோது சொந்தச் சேத கிளெய்மை மறுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2016-இல் லக்மி சந்த் வழக்கிலும் அதே பார்வை. மூன்றாவது, 2010-இன் அமலேந்து சாகு தீர்ப்பு. நிபந்தனை மீறல் இருந்தாலும் கிளெய்மை முழுதாகத் தள்ளாமல், ஏற்கத்தக்க தொகையில் 75% வரை 'நான்-ஸ்டாண்டர்ட்' அடிப்படையில் கொடுக்கலாம் என்றது அது.

நடைமுறையில் குறிவைக்க வேண்டியது இந்த 75%-ஐத்தான். நூறு சதவீதம் கேட்டு எழுதுங்கள், முக்கால் கிடைத்தால் நல்ல முடிவு என்று வையுங்கள்.

விபத்து நடந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்?

அடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்புவது முதலில். 134-ஆம் பிரிவு அதையும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்வதையும், கம்பெனிக்குத் தகவல் தருவதையும் கட்டாயமாக்குகிறது. எஃப்.சி. இல்லை என்ற பயத்தில் இடத்தைவிட்டு ஓடுவது சின்னத் தப்பைப் பெரிய குற்றமாக்கும்.

பிறகு படம் எடுங்கள். சேதத்தை மட்டும் எடுத்தால் போதாது. டயரின் தேய்மானம் நெருக்கத்தில், எரியும் ஹெட்லைட், எரியும் பிரேக் லைட், சாலையில் பிரேக் பிடித்த தடம், வைப்பர், ஹாரன் அடிக்கும் ஒரு சின்ன வீடியோ. வண்டி நல்ல நிலையில் இருந்தது என்று நாளைக்கு நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். பாலிசியின் நிபந்தனைகளிலேயே வாகனத்தைச் சீரான நிலையில் பராமரிக்க வேண்டும் என்று இருக்கிறது. கம்பெனி அதையும் எஃப்.சி.யோடு சேர்த்து எழுதும். கடைசியாக சர்வீஸ் விட்ட பில், பிரேக் ஷூ மாற்றிய பில், டயர் வாங்கிய பில் எல்லாவற்றையும் அன்றே தேடி எடுத்துவையுங்கள்.

பெரிய சேதம் என்றால் ஸ்பாட் சர்வே (கம்பெனியின் சர்வேயர் இடத்துக்கே வந்து சேதத்தை மதிப்பிடுவது) கேளுங்கள். அது முடியும்முன் வண்டியை நகர்த்த வேண்டியிருந்தால் டோ செய்யுங்கள். உருளுகிறதே என்று ஓட்டிக்கொண்டு போய், வழியில் ரேடியேட்டர் தண்ணீர் வடிந்து எஞ்சின் சீஸ் ஆனால், அந்த எஞ்சின் உங்கள் செலவு. பழுது பார்க்கும்முன் ஓட்டியதால் கூடும் சேதம் உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது.

பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை எதற்கு?

எஃப்.சி. இல்லாதவருக்கு இதைவிட முக்கியமான காகிதம் வேறில்லை. போலீஸ் வழக்கானால், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பரிசோதித்து அறிக்கை தருவார். பிரேக், ஸ்டீயரிங் நிலை, சேத விவரம் எல்லாம் எழுதி, விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததா இல்லையா என்று கடைசியில் ஒரு வரி வரும். 'இயந்திரக் கோளாறால் அல்ல' என்று இருந்தால், எஃப்.சி. இல்லாததற்கும் மோதலுக்கும் தொடர்பில்லை என்று அரசு அதிகாரியே எழுதிக்கொடுத்தது போல.

அவர் பார்க்கும்வரை வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது. "பிரேக்கைக் கொஞ்சம் டைட் பண்ணிவிடுகிறேன் சார்" என்று ஷெட்டில் ஒருவர் உதவிக்கு வருவார். வேண்டாம். புது லைனிங்கைப் பார்த்தால் அறிக்கையில் வேறு விதமாக எழுதுவார்கள். நகலை ஸ்டேஷனிலோ நீதிமன்றத்திலோ எழுதிக் கேட்டு வாங்குங்கள், கம்பெனி தானாகப் பெறும் என்று விடாதீர்கள்.

போலீஸ் வழக்கே ஆகாத சின்ன மோதலில் இந்த அறிக்கை இருக்காது. அப்போது சர்வேயரிடம், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வேலை செய்ததைப் பார்த்ததாக அறிக்கையில் பதியுமாறு எழுத்தில் கேளுங்கள்.

விபத்துக்கு இரண்டு நாள் முன்பு எஃப்.சி. முடிந்தது. ஆன்லைனில் பணம் கட்டி ஸ்லாட்கூட வாங்கிவிட்டேன். அது கணக்கில் வராதா?

ரசீது எஃப்.சி. ஆகாது. ஆனாலும் தூக்கி எறியாதீர்கள். மீறல் வேண்டுமென்று செய்ததல்ல என்று காட்ட அது உதவும். 2004-இன் ஸ்வரண் சிங் தீர்ப்பு முதல், நீதிமன்றங்கள் உரிமையாளரின் நோக்கத்தையும் பார்க்கின்றன. இரண்டு நாளும் இரண்டு வருடமும் சட்டத்தின் கண்ணில் ஒரே மீறல்தான், 75%-க்குப் பேசும் மேசையில் வேறு வேறு.

மறுநாளே எஃப்.சி. எடுத்துவிட்டால்?

எடுத்த தேதியிலிருந்துதான் செல்லும், பின்னோக்கிப் போகாது. "முன் தேதி போட்டு வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் புரோக்கர் உங்களை மோசடி வழக்கில் தள்ளுகிறார். சர்வேயர் வாகன் பதிவைப் பார்ப்பார். எஃப்.சி. இல்லாதவருக்கு முக்கால் தொகையாவது கேட்க வாயிருக்கும், போலி எஃப்.சி. கொடுத்தவருக்கு அதுவும் போச்சு. கிளெய்ம் படிவத்தில் எஃப்.சி. தேதி கேட்கும் கட்டத்திலும் உண்மையான தேதியையே எழுதுங்கள், காலியாகவும் விடாதீர்கள்.

தப்பு முழுக்க எதிர் வண்டி மேல். அப்போதும் என் எஃப்.சி. பிரச்சினையா?

அவருடைய இன்சூரன்ஸிடம் கேட்கும்போது உங்கள் எஃப்.சி. பெரிய தடையாகாது. அங்கே நீங்கள்தான் மூன்றாம் நபர். உரிமம் இல்லாமல் ஓட்டியது மட்டுமே கவனக்குறைவுக்கு ஆதாரம் ஆகாது என்று 2008-இல் சுதீர் குமார் ராணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காகிதக் குறை வேறு, ஓட்டிய விதம் வேறு என்ற அதே தர்க்கத்தை எஃப்.சி.க்கும் வைக்கலாம். உங்கள் தேய்ந்த டயர் வழுக்கியதும் ஒரு காரணம் என்று அவர்கள் நிரூபித்தால் தொகை குறையும்.

வாகனச் சேதத்துக்கும் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். காலம் பிடிக்கும், வக்கீல் செலவு உண்டு. 10,000 ரூபாய் சேதத்துக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. லட்சத்தைத் தொட்டால் யோசிக்கலாம். எதிர் வண்டியின் பாலிசி எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் கைகுலுக்கிப் பிரிந்துவிடுவதே இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

75% என்றால் பில்லில் முக்கால் பங்கா?

இல்லை. தேய்மானமும் கட்டாயக் கழிவும் (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) போன பிறகு வரும் தொகையில் முக்கால். 9 வயது டாக்ஸி, பில் 85,000 ரூபாய் என்று வைப்போம். உலோகப் பாகங்கள் 30,000: 5 முதல் 10 வயது வண்டிக்கு 40% தேய்மானம், மிச்சம் 18,000. பம்பர், ஹெட்லைட் போன்ற பிளாஸ்டிக் 20,000: பாதி போய் 10,000. கண்ணாடி 8,000: தேய்மானம் இல்லை. லேபர் 15,000: அப்படியே. பெயின்டிங் 12,000: அதில் கால்வாசியான 3,000-ஐப் பெயின்ட் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், மிச்சம் 10,500. கூட்டினால் 61,500. கட்டாயக் கழிவு 1,000 என்றால் 60,500. இதில் முக்கால் 45,375. பழைய பாகங்களுக்கு ஏதாவது மதிப்புப் போட்டால் அதையும் கழிப்பார்கள்.

ஆக, 85,000-க்கு ஏறக்குறைய பாதி கைக்கு வரும். ஷெட்டில் மதிப்பீடு வாங்கும்போதே பாகம், லேபர், பெயின்டிங் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே தொகை போட்ட பில்லில் லேபரும் தேய்மானத்தில் போய்விடும்.

சர்வேயர் வந்து போனார். எத்தனை நாள் காத்திருப்பது?

50,000 ரூபாய்க்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அவரை நியமிப்பதும், 15 நாளுக்குள் அறிக்கை வாங்குவதும், அதன்பின் 7 நாளுக்குள் முடிவு சொல்வதும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் வைத்த கெடு. எஃப்.சி. இல்லை என்று தெரிந்தால் கம்பெனி தனி விசாரணையாளரையும் அனுப்பும். அவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "பிரேக் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது" என்று டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னதும் வாக்குமூலமாக மாறி வரும்.

குறைந்த தொகைக்கு 'முழு, இறுதித் தீர்வு' என்று ஒப்புதல் கேட்டால், பணம் அவசரமாக இருந்தால் வாங்கலாம். கையெழுத்துக்கு மேலே "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள்.

முழுதாக மறுத்துவிட்டார்கள். அடுத்து?

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வேண்டும். பதிலுக்குக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். கடிதத்தில் மூன்று விஷயம் போதும்: விபத்துக்குக் காரணம் இயந்திரக் கோளாறு அல்ல, ஆய்வாளர் அறிக்கை இணைப்பில், அமலேந்து சாகு தீர்ப்புப்படி குறைந்தது 75%.

ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான காப்பீட்டு ஒம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், 50 லட்சம் வரை உத்தரவிடலாம். தனிநபர், ஒற்றை உரிமையாளர், குறுந்தொழில் நடத்துபவர் போகலாம். பெரிய டிராவல்ஸ் கம்பெனியின் பெயரில் உள்ள பாலிசிக்கு இந்த வழி இல்லை.

மற்றொன்று மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடக் கெடு. "டாக்ஸி வியாபார வண்டி, இவர் நுகர்வோரே அல்ல" என்று கம்பெனி எதிர்ப்புச் சொல்லும். 2023-இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. காப்பீடு இழப்பை ஈடுகட்டவே எடுக்கப்படுகிறது, லாபம் பார்க்க அல்ல என்றது. இரண்டில் முதலில் ஒம்புட்ஸ்மேன் என்பதே எங்கள் யோசனை. ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஒம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார்.

புகைச் சான்று முடிந்திருந்தால்?

அதற்காகக் கிளெய்மை மறுக்க முடியாது. 2020 ஆகஸ்டில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தெளிவுபடுத்திவிட்டது. அபராதம் தனி.

ஓட்டிய எனக்கே அடி. தனிநபர் விபத்துக் காப்பீடு வருமா?

உரிமையாளரே ஓட்டினால் தரும் 15 லட்ச ரூபாய்க் காப்பீட்டின் நிபந்தனைகள் மூன்று: வண்டி உங்கள் பெயரில், பாலிசி உங்கள் பெயரில், செல்லத்தக்க உரிமம். எஃப்.சி. அதில் இல்லை. கேட்டுப் பாருங்கள், தயங்க வேண்டாம்.

வண்டி தயார். ஷெட்டிலிருந்து நேரே எஃப்.சி.க்கு ஓட்டிப் போகலாமா?

டோ வண்டியில் கொண்டுபோங்கள். போகும் வழியில் மறுபடி மோதினால் இதே கேள்விகள் மறுபடி முதலிலிருந்து. வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, நிலுவைச் சலான் நான்கையும் முதல் நாளே முடித்துவிடுங்கள். ஒளிபிரதிபலிக்கும் ஸ்டிக்கர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றில் உங்கள் வண்டி வகைக்கு எது கட்டாயமோ அதை ஷெட்டிலேயே பொருத்திக்கொள்ளுங்கள். பம்பர் மாற்றும்போது நம்பர் பிளேட்டைக் கம்பியால் கட்டி அனுப்பும் பழக்கம் சில ஷெட்களில் உண்டு, அதைப் பார்த்தாலே ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.